பையனைக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்



பெண் கேட்டு வருகிறவர்களை நமக்குத் தெரியும். தாம்பாளம், பழம், பூ, வெற்றிலை பாக்கு என்று வருவார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிப்பார். அமெரிக்காவில் பையனைக் கேட்டு வருகிறார்கள். கல்யாணத்துக்கு அல்ல, பந்து விளையாட! வருகிறவர் ஒரு பல்கலைக்கழகக் குழுவின் தலைமைப் பயிற்றுநர். சம்பளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரையே மிஞ்சியவராகவும் இருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு சின்ன ஊரில், தொழிலாளி வீட்டு முன்னறையில், பழைய நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்து, வீட்டம்மா பொரித்து வைத்த கோழியில் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். வழியில் வேறொரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் கேட்பார்.

அவர் எதற்கு வருகிறார், என்ன பேசுகிறார், அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இந்த முறை எழுதுகிறேன். பந்தாட்டத்தில் நாட்டமில்லாத தாய்மார்களும் படிக்கலாம். அந்தப் பேச்சில் பாதி அம்மாக்களோடுதான் நடக்கிறது.

ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. அவர்கள் ஃபுட்பால் என்பது நம் தோட்டத்துத் திடலில் ஆடுகிற காற்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். காலால் உதைப்பது கொஞ்சம்தான். கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது வீசி எறிய வேண்டும். தலைக்கும் தோளுக்கும் கவசம். பக்கத்துக்கு 11 பேர். மோதுகிற மோதலில் முழங்கால் போனவர்கள் உண்டு, மூளை கலங்கியவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு இடைநிலைப் பள்ளிகளின் ஆட்டம், சனிக்கிழமை கல்லூரிகளின் ஆட்டம் என்று வழக்கம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அதோடு தொலைக்காட்சிப் பணம் வேறு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் கெர்பி ஸ்மார்ட் 2024ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவருக்கு ஆண்டுக்கு 13 மில்லியன் டாலர்!

இவ்வளவு பணமும் 17, 18 வயதுப் பையன்களின் கால்களை நம்பி நிற்கிறது. தொழில்முறைக் குழுக்கள் சீட்டுப் பிரிப்பதுபோல் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும். கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. எந்தக் கல்லூரிக்குப் போவது என்று பையன்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே கெஞ்ச வேண்டும், ஆசை காட்ட வேண்டும், அம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழ வேண்டும்.

பையனுக்கு என்ன கிடைக்கும்? உபகாரச் சம்பளம். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். விளையாட்டுக்காக மட்டும் முழு உபகாரச் சம்பளம் தரலாம் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1956ஆம் ஆண்டில் அனுமதித்தது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. அங்கே கல்லூரிப் படிப்புக்குக் கடன் வாங்கி, தலை நரைக்கும்வரை கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம். பத்து லட்சம் பையன்கள் இடைநிலைப் பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். நூற்றில் சுமார் ஏழு பேருக்குத்தான் கல்லூரிக் குழுவில் இடம். பெரிய பல்கலைக்கழகங்கள் என்று பார்த்தால் நூற்றில் மூன்று பேர்கூடத் தேறுவது கஷ்டம். அப்படியிருக்க, ஒரு கல்லூரி வீடு தேடி வந்துவிட்டால் அம்மாவுக்குத் தலைகால் புரியாமல் போவதில் வியப்பென்ன?

வருகை திடீரென்று நடப்பதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பே விதை போட்டுவிடுவார்கள். முதலில் பள்ளிப் பயிற்றுநரைச் சிநேகம் பிடிப்பார்கள். அவரைத் தங்கள் பயிற்சி முகாமுக்கு அழைப்பார்கள், ஆட்டம் பார்க்க நல்ல இடத்தில் உட்கார வைப்பார்கள். பையனைக் கோடைக்கால முகாமுக்கு வரச்சொல்வார்கள். பிறகு கடிதம். அந்தக் காலத்தில் ஒரு நல்ல ஆட்டக்காரனுக்குப் பெட்டி பெட்டியாகக் கடிதம் வரும். கையால் எழுதிய கடிதத்துக்கு மதிப்பு அதிகம். இப்போது கைத்தொலைபேசியில் செய்தி வருகிறது. எப்போது எழுதலாம், எப்போது நேரில் பார்க்கலாம், எந்த வாரத்தில் வாயே திறக்கக் கூடாது என்பதற்கெல்லாம் சங்கம் ஒரு பஞ்சாங்கமே போட்டு வைத்திருக்கிறது. நம் ஊரில் ராகு காலம் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய பஞ்சாங்கம்!

அடுத்தது, பையனைக் கல்லூரிச் செலவில் இரண்டு நாள் அழைத்துப்போய்க் காட்டுவது. அறை அலமாரியில் அவன் பெயர் எழுதிய சட்டை தொங்கும். அவனை அதில் நுழைத்துப் படம் எடுப்பார்கள். அந்தச் சட்டையைப் போட்ட பிறகு கழற்ற எந்தப் பையனுக்கு மனசு வரும்?

உள்ளூர்ப் பையன் என்றால் பயிற்றுநரிடம் தனியாக ஒரு பேச்சு இருக்கிறது. அது பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துத்தான் வரும். "தூரத்துக் கல்லூரிக்குப் போனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் உங்கள் மகனைப் பார்ப்பீர்கள். எங்களிடம் விட்டால் சனிக்கிழமை காலையில் காரில் ஏறி வந்து, ஆட்டம் பார்த்து, இரவே வீடு திரும்பிவிடலாம். பாட்டியும் வரலாம்." அப்பாவைப் பார்த்து வேறொன்று. "படிப்பு முடிந்ததும் இந்த மாநிலத்தில்தான் வேலை பார்க்கப்போகிறான். இங்கே ஆடியவன் பெயரை இங்குள்ள முதலாளிமார் மறக்கமாட்டார்கள்." பையனைப் பார்த்து மூன்றாவதாக ஒன்று: "உன் ஊர் ஜனங்கள் எதிரில் ஆட உனக்கு ஆசை இல்லையா?" இந்த மூன்றும் பொய் அல்ல. அதனால்தான் அவற்றுக்கு அவ்வளவு பலம்.

ஜார்ஜியா மாநிலத்தில் ரைட்ஸ்வில் என்று ஒரு குக்கிராமம். 1980ஆம் ஆண்டில் அங்கே ஹெர்ஷல் வாக்கர் என்ற பையனைத் தேடி நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். தாய் உடைத் தொழிற்சாலையில் வேலை, தந்தை வெள்ளைக் களிமண் ஆலையில் வேலை, வீட்டில் 7 பிள்ளைகள். சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் சுமார் 100 மைல் தொலைவில், ஏதென்ஸ் நகரில் இருந்தது. தலைமைப் பயிற்றுநர் வின்ஸ் டூலி தம் உதவியாளர் மைக் கேவனை இந்த ஒரு வேலைக்கே ஒதுக்கிவிட்டார். கேவன் அந்த ஊரிலேயே குடியிருக்கிறவர்போல் ஆகிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தால் கேவன், ஓட்டப் பந்தயத்துக்குப் போனால் கேவன். மற்றவர்கள் கையெழுத்திட்ட பின்னும் வாக்கர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஏப்ரல் 6ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜார்ஜியாவுக்குக் கையெழுத்துப் போட்டார். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார்! பாவம் கேவன். அந்த முதல் பருவத்திலேயே ஜார்ஜியா நாட்டின் முதல் குழுவாக வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1982ஆம் ஆண்டில், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கருக்குக் கிடைத்தது.

உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஒரு குழுவைத் தூக்கி நிறுத்தியவர் என்றால் ஹாவர்ட் ஷ்னெலன்பெர்கரைத்தான் சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டில் அவர் மயாமி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. வாயில் சுங்கான், மீசை, கோட்டும் சூட்டும் என்று ஒரு தோரணையான மனிதர். ஃபுளோரிடா மாநிலத்தின் வரைபடத்தில் டாம்பா நகரிலிருந்து கிழக்கே ஒரு கோடு போட்டு, இதற்குத் தெற்கே உள்ளதெல்லாம் 'மயாமி மாநிலம்', இங்கே பிறந்த நல்ல ஆட்டக்காரன் எவனும் வெளியே போகக் கூடாது என்றார். மற்றக் கல்லூரிகள் கால் வைக்கத் தயங்கிய ஏழைக் கறுப்பர் குடியிருப்புகளுக்குள் போய்க் கதவைத் தட்டினார். 1980ஆம் ஆண்டில் கலவரம் வெடித்த லிபர்டி சிட்டியும் அவற்றில் ஒன்று. 1983ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில், 1984 ஜனவரியில், நெப்ராஸ்காவை 31க்கு 30 என்று ஒரே புள்ளியில் வென்று மயாமி நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. பந்தை வீசிய நாயகன் பெர்னி கோசர் மட்டும் தூரத்து ஒஹாயோ மாநிலத்துப் பையன். கோடு போட்டவரே கோட்டைத் தாண்டியும் கை நீட்டியிருக்கிறார். இதில் இன்னொரு வேடிக்கை. ஊரை விட்டுப் போகாதே என்று அத்தனை பையன்களிடமும் சொன்ன மனிதர், அதே 1984ஆம் ஆண்டில், தொழில்முறைக் குழு ஒன்றை நம்பி மயாமியை விட்டுப் போனார். அந்தக் குழுவோ வந்து சேரவே இல்லை.

உபகாரச் சம்பளமே தராமல் உள்ளூர்ப் பையனை இழுக்கிற வித்தையும் உண்டு. நெப்ராஸ்கா மாநிலம் பெரும்பாலும் சோளக்காடும் மாட்டுப் பண்ணையும்தான். முழு மாநிலத்துக்கும் ஜனத்தொகை சுமார் 20 லட்சம்தான். பெரிய குழு என்றால் ஒரே பல்கலைக்கழகம். லிங்கன் நகரில் உள்ள அதன் அரங்கு 1962ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கட்டு முழுதும் விற்றுப்போகிறது என்றால் பாருங்கள். பாப் டெவானியும் அவருக்குப் பின் டாம் ஆஸ்பர்னும் பண்ணை வீடுகளுக்குப் போய், "உபகாரச் சம்பளம் இப்போது இல்லை. சொந்தச் செலவில் வந்து பயிற்சியில் சேர். தேறினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். வேறு சின்னக் கல்லூரியில் இலவசமாகப் படிக்கக்கூடிய பையன்கள்கூட அப்பாவின் பணத்தைப் போட்டு லிங்கனுக்கு வந்தார்கள். சிறு வயதிலிருந்தே சனிக்கிழமை சிவப்புச் சட்டை போட்டு வளர்ந்தவர்கள்; அவர்களுக்குக் கரும்பு தின்னக் கூலியா? அவர்களில் பலர் பின்னர் முதல் வரிசையில் ஆடினார்கள். இன்னும் பலர் நான்கு வருஷம் பயிற்சியில் அடிபட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் ஓரத்தில் நின்று பார்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'உள்ளூர்ப் பையன்' என்ற இந்த இனிப்பான வார்த்தை எல்லா உள்ளூர்ப் பையன்களுக்கும் சொல்லப்பட்டதல்ல. தென் மாநிலங்களில் வெகுகாலம் வெள்ளையருக்கு மட்டும்தான் அந்தக் குழுக்களில் இடம். டெக்சஸ் மாநிலத்து போமோண்ட் நகரில் வளர்ந்த பப்பா ஸ்மித்தின் தந்தை ஒரு பள்ளிப் பயிற்றுநர். பையனோ மலைபோல் இருந்தான். ஆனாலும் 1960களில் டெக்சஸின் பெரிய பல்கலைக்கழகம் அவனைக் கேட்டு வரவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் குளிர்ப் பிரதேசமான மிச்சிகனிலிருந்து டஃபி டாஹர்ட்டி அழைத்துக்கொண்டார். 1965, 1966 ஆகிய இரண்டு வருஷமும் நாட்டின் முதலிடத்தில் பங்கு பெற்ற குழு அது. அலபாமா பல்கலைக்கழகம் தன் முதல் கறுப்பு உபகாரச் சம்பள ஆட்டக்காரரான வில்பர் ஜாக்சனைச் சேர்த்துக்கொண்டது 1970ஆம் ஆண்டில்தான். அதுவரை லூசியானாவின் கறுப்புப் பிள்ளைகளைத் தேடிப் போனவர் கிராம்பளிங் கல்லூரியின் எடி ராபின்சன். 1941ஆம் ஆண்டு முதல் 1997ஆம் ஆண்டு வரை ஒரே கல்லூரியில் இருந்து 408 ஆட்டங்களை வென்றார். அவரிடமிருந்து 200க்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். பெரிய கல்லூரிகள் கண் திறந்த பிறகு, கிராம்பளிங்குக்கு வரவேண்டிய பிள்ளைகளையும் அவைதான் கொத்திக்கொண்டு போயின. காலம் மாறியதில் இப்படியும் ஒரு நஷ்டம்.

மார்க்கஸ் டூப்ரீயின் கதையை நான் எத்தனை தடவை படித்தாலும் மனம் கேட்பதில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியா என்று ஒரு சிற்றூர். 1964ஆம் ஆண்டில் கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொலையுண்ட ஊர். அதே ஊரில் அதே வருஷம் பிறந்தவர் மார்க்கஸ். தாய் ஓர் ஆசிரியை. 1981ஆம் ஆண்டில் அவரைக் கேட்டு வராத பல்கலைக்கழகம் இல்லை என்றே சொல்லலாம். ஓக்லஹோமாவின் உதவிப் பயிற்றுநர் ஒருவர் அந்த ஊர் விடுதியில் வாரக்கணக்கில் தங்கிவிட்டார். வில்லி மாரிஸ் என்ற எழுத்தாளர் இந்தப் போட்டா போட்டியை வைத்தே ஒரு முழுப் புத்தகம் எழுதி 1983ஆம் ஆண்டில் வெளியிட்டார். சொந்த மாநிலத்துக் கல்லூரியும் கேட்டது, டெக்சஸும் கேட்டது. கடைசியில் மார்க்கஸ் ஓக்லஹோமாவுக்குப் போனார்.

முதல் வருஷம் ஜொலித்தார். 1983 ஜனவரி முதல் தேதி நடந்த ஓர் ஆட்டத்தில், பாதி நேரம்தான் ஆடினார் என்றாலும் 239 கஜம் ஓடினார். அடுத்த அக்டோபரில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். தலைமைப் பயிற்றுநர் பேரி ஸ்விட்சர் அவரிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார். அந்தப் பையனைத் தாம் சரியாக நடத்தவில்லை என்று பின்னாளில் ஸ்விட்சரே ஒப்புக்கொண்டார். பிறகு மார்க்கஸ் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார், 1985ஆம் ஆண்டில் முழங்கால் போயிற்று. ஐந்து வருஷம் கழித்து மீண்டும் எழுந்து வந்து கொஞ்ச காலம் ஆடியதே பெரிய காரியம். அதற்குப் பிறகு லாரி ஓட்டினார். முன்னறையில் உட்கார்ந்து பேசும்போது எல்லாரும் தேனாகத்தான் பேசினார்கள். கையெழுத்து விழுந்த மறுநாள் முதல் யார் எப்படிப் பேசுவார்கள் என்பதை அந்த முன்னறையில் கண்டுபிடிக்க வழியில்லை.

பேச்சு போதாத இடத்தில் பணம் பேசியது. இலவசமாக ஒரு தொப்பிகூடப் பையனுக்குக் கொடுக்கக் கூடாது என்பது நெடுநாள் சட்டம். டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், அதன் செல்வந்த ஆதரவாளர்கள் 13 ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 61,000 டாலரை மாதா மாதம் பங்கிட்டுக் கொடுத்தது வெளிப்பட்டது. ஏற்கெனவே பலமுறை பிடிபட்ட இடம். 1987ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் சங்கம் ரத்து செய்தது. அந்தக் கொடுப்பனவு தொடர்வது தமக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டவர் யார் தெரியுமா? முன்பு பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவராக இருந்து, அப்போது டெக்சஸ் மாநில ஆளுநராக வீற்றிருந்த பில் கிளமென்ட்ஸ்!

இதைவிட என் மனத்தை உறுத்துவது மெம்ஃபிஸ் நகரத்து வழக்கு. 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு பள்ளி ஆட்டக்காரனைத் தங்கள் பக்கம் அனுப்பி வைப்பதற்காக, அலபாமா பல்கலைக்கழகத்தின் செல்வந்த ஆதரவாளர் லோகன் யங், பையனின் பள்ளிப் பயிற்றுநருக்கு 150,000 டாலர் கொடுத்தார் என்று வழக்கு. 2005ஆம் ஆண்டில் நடுவர் குழு யங்கைக் குற்றவாளி என்றது. பையன் கையில் அந்தப் பணம் சேரவில்லை. தன்னை விலை பேசியிருக்கிறார்கள் என்பதையே பின்னர்தான் அறிந்தான். ஒரு வருஷத்தில் அலபாமாவை விட்டுச் சொந்த ஊரான மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்து ஆடினான்.

'ஆள் சேர்ப்பு' என்பதுதான் அமெரிக்கர்கள் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர். அந்த வார்த்தையைக் கேட்டால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு வேறொருவர் ஞாபகம் வருவார். கங்காணியும் ஊருக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, இனிக்க இனிக்கத்தான் பேசினார். அவரும் தெரிந்த முகம், சொந்த ஊர்க்காரர். தலைக்கு இவ்வளவு என்று அவருக்கும் கிடைத்தது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கப் பையன் கையில் ஒரு பட்டம் கிடைக்க வழியிருக்கிறது, கப்பல் ஏறிக் கடனாளியாக வந்து இறங்கியவர்களுக்கு அது இல்லை. ஆனால் பேசுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்கிற பழக்கம் நம் வீடுகளில் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

கரும்புத் தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கரும்புதான் வாழ்க்கை. ஜப்பானியர், சீனர், ஃபிலிப்பினோக்கள், போர்த்துக்கீசியர், கொரியர் என்று பல நாட்டுக் கூலிகள் லயம் லயமாகக் குடியிருந்தார்கள். கடைசி ஆலை மௌயி தீவில் 2016ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. ஒவாஹு தீவின் வட கோடியில் உள்ள கஹுக்கு என்ற ஆலை ஊரில் 1971ஆம் ஆண்டிலேயே கரும்பு நின்றுபோயிற்று. ஆலை போன பிறகும் அந்த ஊரின் பெயரை நாடறியச் செய்தது அதன் பள்ளிக்கூடத்துக் குழு. சமோவா, தொங்கா தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் ஏராளம்; பருத்த உடம்பும் வேகமான காலும் உள்ளவர்கள். அவர்களைக் கேட்டுக் கடல் கடந்து பயிற்றுநர்கள் வருகிறார்கள். கலிஃபோர்னியாவே 2,500 மைல் தொலைவு.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு இது நெடுநாள் வருத்தம். ஹோனலூலுவில் படித்த மார்க்கஸ் மரியோட்டா ஆரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2014ஆம் ஆண்டில் ஹைஸ்மன் விருது வாங்கினார். பழைய எவா கரும்புத் தோட்டத்தை அடுத்த எவா பீச்சில் வளர்ந்த டுவா டாகோவைலோவா 2017ஆம் ஆண்டில் அலபாமாவுக்குப் போனார். பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போயிற்று. 2022ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் உள்ளூர்க்காரரான டிம்மி சாங்கைத் தலைமைப் பயிற்றுநராக்கியது. அதே குழுவில் ஆடி, பந்து வீச்சில் 17,072 கஜம் என்று நாட்டுச் சாதனை வைத்தவர். அவர் பிடித்துக்கொண்ட வார்த்தை 'பிராடாஹுட்'. பிராடா என்றால் அண்ணன் தம்பி. அது இங்கிலீஷ் அகராதியில் உள்ள சொல் அல்ல. கரும்புக்காட்டில் பல பாஷைக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளப் பிறந்த கலப்பு மொழி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பேசினால் ஆசிரியர் கண்டித்த அதே தோட்டத்துப் பேச்சை, இன்று பல்கலைக்கழகம் பிள்ளைகளை அழைக்கப் பயன்படுத்துகிறது.

பேச்சு உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2021ஆம் ஆண்டில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிரையன் கெலி, வடக்கே மசாச்சூசெட்ஸில் பிறந்தவர். வந்த புதிதில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து 'குடும்பம்' என்ற சொல்லைத் தெற்கத்திக்காரர்போல் இழுத்துப் பேசிவிட்டார். நாடே சிரித்தது. சில நாள்களுக்கு முன்புவரை அவர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் வேறு பிள்ளைகளின் குடும்பங்களிடம் பேசிக்கொண்டிருந்தவர். அவரை நம்பி அங்கே வருவதாகச் சொன்ன பையன்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இப்போது காலம் வெகுவாக மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 1964ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த கையெழுத்துப் பத்திரத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசப்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். முன்பு இருட்டில் கைமாறியது இன்று வெளிச்சத்தில் கைமாறுகிறது. அம்மாவின் கோழிக்கு எதிரே இப்போது ஒரு தரகரும் உட்கார்ந்திருக்கிறார். கசப்பான வேலைதான், ஆனாலும் அரங்கம் நிறைய டிக்கட்டு விற்றுக்கொடுத்தவனுக்குக் காசு கூடாது என்று சொன்ன பழைய நாள்களைவிட இது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கெடுதலும் கூடவே வந்தது. ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது சுலபமாகிவிட்டதால், பயிற்றுநர்கள் பள்ளிப் பையனை எடுத்து மூன்று வருஷம் வளர்ப்பதைவிட, வேறிடத்தில் வளர்ந்தவனை வாங்குவதே லாபம் என்று பார்க்கிறார்கள். சின்ன ஊரில் மெதுவாகத் தேறுகிற உள்ளூர்ப் பையனுக்கு இடம் சுருங்குகிறது.

வாய்ப்பேச்சு வாய்ப்பேச்சாகவே நிற்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். உனக்கு இடம் உண்டு என்று பயிற்றுநர் சொன்னாலும், கையெழுத்தாகும்வரை அது அவரைக் கட்டுப்படுத்தாது. 1988ஆம் ஆண்டில் டெக்சஸின் ஒடெஸா நகரத்துப் பள்ளியில் பூபி மைல்ஸ் என்ற பையனுக்கு நாடெங்கிலுமிருந்து கடிதம் வந்து குவிந்தது. பருவம் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் முறுக்கிக்கொண்டது. அவனைத் தேடிவந்த ஆர்வமெல்லாம் அடங்கிப்போயிற்று. அந்த ஊரைப் பற்றி 1990ஆம் ஆண்டில் வெளிவந்த புத்தகத்தைப் படித்தவர்கள் மற்ற வெற்றி தோல்விகளை மறந்தாலும் இந்தப் பையனை மறப்பதில்லை.

ஆகவே, அங்குள்ள விவரமான அம்மாக்கள் சாப்பாடு பரிமாறி முடித்த பிறகு சில கேள்விகள் கேட்கிறார்கள். நீங்கள் சேர்த்த பையன்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? இவனுடைய இடத்தில் ஆட ஏற்கெனவே எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? முழங்கால் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? 1973ஆம் ஆண்டில் உபகாரச் சம்பளத்தை ஒரு வருஷக் கணக்காகச் சுருக்கிவிட்டார்கள். நான்கு வருஷத்துக்கும் சேர்த்துத் தர மறுபடி அனுமதி வந்தது 2012ஆம் ஆண்டில். 2024 ஆகஸ்டு முதல் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்குப் புது விதி: ஆட்டம் சரியில்லை, அடிபட்டுவிட்டான் என்று உபகாரச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது, விளையாட்டில் பட்ட காயத்துக்குக் கல்லூரியை விட்டபின் இரண்டு வருஷமாவது வைத்தியச் செலவு கொடுக்க வேண்டும். பயிற்றுநர் புறப்பட எழுந்திருக்குமுன், இது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று கேட்டு, அந்தத் தாளின் ஒரு பிரதியை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். நல்ல பயிற்றுநராக இருந்தால் கோபித்துக்கொள்ளமாட்டார். இன்னொரு துண்டு கோழிகூடக் கேட்பார்.